கேப்டனின் கிழிந்த காது

அந்த நாய்க்குக் கேப்டன் என்று பெயர் வைத்தது டிகோரிதான். எங்கள் செம்புச் சுரங்கத்தில் எங்களை மேய்க்கிற மேலாளரையும் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். நாங்கள் தாதுக்கல் உடைக்கிற களத்துப் பக்கம் அவர் வரும்போது யாராவது ஒருத்தி, "கேப்டன், அந்த எலும்பைக் கீழ போடு" என்பாள். அவர் திரும்பிப் பார்ப்பார். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டு கல்லை உடைப்போம். டிகோரியைப் போல வெடி வைக்கத் தெரிந்தவன் இன்னொருவன் கிடைத்திருந்தால் அவனையும் நாயையும் சேர்த்து அன்றைக்கே விரட்டியிருப்பார்.

எலி பிடிக்கிற சாதியும் இன்னும் என்னென்னவோ சாதியும் கலந்த நாய் அது. பழுப்பு நிறம், குட்டைக் கால், ஊரில் ஒருவரையும் மதிக்காத பார்வை. இடது காது நடுவில் கிழிந்து இரண்டாகத் தொங்கும். நரியோடு போய் மல்லுக்கு நின்று வாங்கி வந்தது. டிகோரி பூட்ஸ் தைக்கிற ஊசியும் மெழுகு நூலும் எடுத்துத் தன் மடியிலேயே போட்டுத் தைத்தான். நாய் அவன் கட்டைவிரலைக் கடித்தது, தையலும் பிரிந்துபோனது. அதற்குப் பிறகு அது அவனை விட்டு நகரவில்லை. அவன் கப்பலேறிப் போன பிறகு அவன் மகள் லவ்டேயை விட்டு நகரவில்லை. மற்றவர்கள் தொட்டால் பல் தெரியும்.

செம்பு விலை விழுந்த வருஷம் அவன் ஆஸ்திரேலியாவுக்குப் போனான், மூன்டா சுரங்கத்துக்கு. எங்கள் ஊர் ஆண்களில் பாதிப் பேர் அங்கேதான். என் தம்பியும் அங்கேதான். டிகோரி போகும்போது லவ்டேக்கு இரண்டு வயது. மூன்று வருஷத்தில் கூப்பிட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனான். அவன் மனைவி டாம்சின் என்னோடு களத்தில் கல் உடைக்கிறவள். அதிகம் பேசமாட்டாள். சொன்னால் சொன்னதுதான். பத்தொன்பது வயதில் இன்னொருத்தியின் சுத்தியல் தவறி அவளுடைய இடது கையில் இரண்டு விரல் போயின. மறுவாரம் மிச்ச மூன்று விரலால் கல்லைப் பிடித்துக்கொண்டு வேலைக்கு வந்து நின்றாள்.

மேட்டுப் பக்கம் அடுத்த வீடு டிகோரியின் அண்ணன் வீடு. அண்ணன் ஏணியிலிருந்து விழுந்து செத்தான். அவன் மனைவி ஆனரும் அவள் மகளும் மட்டும் இருந்தார்கள். அந்த மகள் பெயரும் லவ்டே. எங்களில் மூத்த பெண்ணுக்கு அப்பாவைப் பெற்றவள் பெயரைத்தான் வைப்பார்கள். இரண்டு மகன்கள், ஒரே அம்மா, அதனால் இரண்டு லவ்டே ட்ரெம்பாத். மேல்வீட்டு லவ்டே ஆனருடையவள், கீழ்வீட்டு லவ்டே டாம்சினுடையவள். இரண்டும் ஒரே வயது, ஒரே சண்டை. நாய் மட்டும் கீழ்வீட்டுக்காரி பக்கம்.

டிகோரி போன மூன்றாம் பனிக்காலம் தொண்டைக் காய்ச்சல் வந்தது. எங்கள் வீட்டு வரிசையில் நான்கு பிள்ளைகளைக் கொண்டுபோனது. அதில் மேல்வீட்டு லவ்டேயும் ஒருத்தி.

இப்போது நான் செய்ததைச் சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் எழுத்துக் கற்றவள் எங்கள் வரிசையில் நான் ஒருத்திதான். கெசியா எழுதினால் மூன்டாவுக்குப் போய்ச் சேரும் என்று எனக்குப் பெருமை வேறு. தம்பிக்கு எழுதிய கடிதத்தில், காய்ச்சலில் போனவர்கள் பெயரை வரிசையாக எழுதினேன். லவ்டே ட்ரெம்பாத் என்றும் எழுதினேன். மேல்வீடு என்று எழுதவில்லை. இரண்டு பேர் ஓடித் திரியும்போதுதானே மேல்வீடு கீழ்வீடு என்று பிரித்துச் சொல்லத் தோன்றும். ஒன்றைப் புதைத்துவிட்டு வந்து எழுதுகிற கைக்கு அது தோன்றவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் கையை நானே உடைத்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

மூன்டாவில் கடிதம் வந்தால் ஆண்கள் எல்லாரையும் கூட்டி வைத்து வாசிப்பார்கள். தம்பியும் அப்படித்தான் வாசித்திருக்கிறான். டிகோரி எழுந்து வெளியே போய்விட்டானாம்.

நான்கு மாதம் கழித்து அவன் கடிதம் வந்தது. அவன் சொல்லத் தம்பி எழுதியது. டாம்சின் களத்திலிருந்து வந்து, காலில் சுற்றியிருந்த துணியைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்தாள். நான் வாசித்தேன். "பிள்ளை போனதை எனக்கு ஏன் சொல்லல? வேற யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா?"

அன்றைக்கே மறுத்து எழுதினோம். போனது அண்ணன் பிள்ளை, உன் பிள்ளை இல்லை, இதோ என் பக்கத்தில் உட்கார்ந்து மத்தி மீன் தின்றுகொண்டிருக்கிறாள் என்று டாம்சின் சொல்லச் சொல்ல எழுதினேன். பயன் இல்லை. அதற்குக் காரணம் நாங்களேதான். பூமிக்குள் இறங்குகிறவனுக்கு அவன் வீட்டுச் சாவைச் சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். துக்கம் மனத்தில் இருந்தால் ஏணியில் கால் வழுக்கும், வெடித் திரியில் கை தடுமாறும் என்று மறைத்துவிடுவோம். ஒருத்தி தன் அம்மா செத்ததைப் புருஷனுக்கு இரண்டு வருஷம் சொல்லாமல், அம்மா சுகம் என்று எழுதிக்கொண்டிருந்தாள். எழுதிக் கொடுத்தது நான். ஆகவே "பிள்ளை நன்றாக இருக்கிறாள்" என்று எங்கள் ஊரிலிருந்து போகிற வரியை மூன்டாவில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.

அவன் பதில் சுருக்கமாக இருந்தது. பிள்ளை இருந்தால் படம் எடுத்து அனுப்பு. நாயோடு எடு.

ஏன் நாய் என்று நான் கேட்டேன். டாம்சினுக்கு உடனே புரிந்துவிட்டது.

"ரெண்டு வயசுல பார்த்த பிள்ளைய அஞ்சு வயசுல அவருக்கு எப்படி அடையாளம் தெரியும்? நாய் மாறாதுல்ல. அதுவும் நம்ம பிள்ளையத் தவிர வேற எதுகிட்டயும் உட்காராதுன்னு அவருக்குத் தெரியும்."

ஆகஸ்ட் மாதம் ஊர்த் திடலில் படம் எடுக்கிறவர் வந்தார். ஹன்னபோர்டு என்று பெயர். பிளைமவுத் பக்கத்துக்காரர். மஞ்சள் வண்டி, ஒல்லிக் குதிரை, விரலெல்லாம் கறுப்புக் கறை. வண்டிக்குள் போனால் மருந்து வாடை தலையைச் சுற்றும். அவர் எடுப்பது இரும்புத் தகட்டுப் படம். கண்ணாடிப் படம் கடல் தாண்டுவதற்குள் உடையும், இது உடையாது என்றார். டாம்சினுக்கு அது பிடித்துப்போயிற்று. நாயைப் பார்த்ததும் அவர் முகம் சுருங்கியது.

"நாய் வேணாம்மா. எட்டு எண்ணுற வரைக்கும் அசையக் கூடாது. நாயை வச்சு எடுத்தா ரெண்டு தலை விழும், இல்லேன்னா தலையே விழாது. போன வாரம் ஒரு பாதிரியார் வீட்டு நாய்க்கு நாலு தகடு பாழாப்போச்சு."

"அது பாதிரியார் வீட்டு நாய். இது எங்க நாய்" என்றாள் டாம்சின்.

லவ்டேயின் பின்னந்தலைக்கு இரும்புக் கவ்வியை வைத்தார். அது குளிர்ச்சியாக இருக்கிறது என்று அவள் நெளிந்தாள். பிள்ளைகளைப் பிடித்துக்கொள்ள அம்மாக்களை நாற்காலியாக்கி உட்கார வைத்து, மேலே கறுப்புப் போர்வையைப் போர்த்திவிடுவது அவர் வழக்கம். டாம்சினையும் அப்படிப் போர்த்தினார். மடியில் பிள்ளை, பிள்ளையின் மடியில் கேப்டன். முதல் தகட்டில் கேப்டனுக்கு மூன்று மூக்கு விழுந்தது. இரண்டாவது முறை லவ்டே அதன் நல்ல காதில் ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று பிறகு கேட்டேன், அசைஞ்சா கேப்டனைக் கூப்பிடுவேன்னு சொன்னேன் என்றாள். நாய் கல்லாக உட்கார்ந்தது.

படம் அருமையாக வந்தது. வரிசையில் இருபது பேர் கைமாற்றிக் கைமாற்றிப் பார்த்தோம். பிள்ளைக்குப் பின்னால் உருளைக்கிழங்கு மூட்டை மாதிரி என்ன அது என்று கேட்டுக் கேலி செய்தோம். நான் கம்பளித் துணியில் சுற்றி, மெழுகு வைத்து அனுப்பினேன்.

ஆனர் மட்டும் பார்க்க வரவில்லை. தன் பிள்ளை போனதிலிருந்து அவள் அந்தப் பிள்ளையைத் தொட்டதில்லை. லவ்டே என்று டாம்சின் வாசலில் நின்று கூப்பிடும்போதெல்லாம் மேல்வீட்டுக் கதவு சாத்திக்கொள்ளும். அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எடுத்துக்கொள்ள முடியுமா? களத்தில் ஒருநாள் என்னிடம் சொன்னாள், "அங்க எல்லாரும் டிகோரி பிள்ளைக்குத்தான் துக்கம் கொண்டாடியிருப்பாங்க. எம்பிள்ளைக்குன்னு ஒரு சொட்டுக் கண்ணீர் அந்தக் கரையில விழுந்திருக்காது." எழுதினவள் நான். குனிந்து அடுத்த கல்லை எடுத்தேன்.

டிசம்பர் தொடக்கத்தில் பதில் வந்தது. ஒரு வாரமாகப் பொடித்தூறல். களத்தில் கூரை ஒழுகி, உடைத்த தாதெல்லாம் சேறாகிக் கிடந்தது. பசியும் ஈரமுமாக வீட்டுக்கு வந்து, நெருப்பருகே உட்கார்ந்து பிரித்தேன். மனத்துக்குள் இரண்டு வரி வாசித்ததும் கடிதத்தை மடியில் கவிழ்த்தேன்.

"வாசிடி" என்றாள் டாம்சின்.

"இது கேப்டன் இல்ல. அந்தக் காதை என் மடியில போட்டு நான் தச்சேன். கிழிஞ்சது எந்தக் காதுன்னு எனக்குத் தெரியாதா? இந்த நாய்க்கு வலது காது கிழிஞ்சிருக்கு. ஏதோ ஒரு நாயைப் பிடிச்சு, அதுக்குக் காதை அறுத்து, யாரோ பெத்த பிள்ளைய மடியில வச்சு எனக்கு அனுப்பியிருக்கே. என் மேல இரக்கப்பட்டுத்தான் செஞ்சிருப்பே, தெரியும். ஆனா இது இரக்கம் இல்ல டாம்சின். உண்மையை எழுது. ஈஸ்டருக்கு அப்புறம் நான் வடக்கே புதுச் சுரங்கத்துக்குப் போறேன். அங்க தபால் கிடையாது. பிள்ளை இல்லேன்னா எனக்கு எங்க கிடந்தா என்ன."

டாம்சின் அழவில்லை. எழுந்து போய், நெருப்புக்குப் பக்கத்தில் படுத்திருந்த கேப்டனின் தலையைத் திருப்பிப் பார்த்தாள். இடது காதுதான். அது உறுமியது. அவள் விடவில்லை.

லவ்டே கேட்டாள். "அப்பா என்ன சொல்றாரு?"

"இது நீ இல்லேங்கிறாரு" என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"நான் நான் இல்லேன்னா வேற யாரு?"

பிள்ளை அதைக் கேப்டனிடமே போய்க் கேட்டது.

இருபது பேர் பார்த்தோமே, ஒருத்திக்காவது காது மாறியிருப்பது கண்ணில் படவில்லையே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எல்லாரும் பிள்ளை முகத்தைத்தான் பார்த்தோம். நாயை யார் பார்த்தது? பத்தாயிரம் மைலுக்கு அப்பால் இருக்கிறவன் ஒருவன்தான் நாயைப் பார்த்திருக்கிறான்.

ஹன்னபோர்டு அப்போது ஹெல்ஸ்டன் ஊர்ச் சந்தையில் இருப்பதாகக் கேள்விப்பட்டோம். ஒன்பது மைல். சனிக்கிழமை வேலைக்குப் போகாமல் கிளம்புவது என்று டாம்சின் முடிவு செய்தாள். மேலாளர் கூலியை வெட்டுவார் என்றேன். வெட்டட்டும் என்றாள். ஒரு துணியில் கிழங்கும் டர்னிப்பும் வைத்துச் சுட்ட மாவுப் பொதி நான்கு கட்டினாள். நாங்கள் மூன்று பேர்தானே, நாலாவது யாருக்கு என்று கேட்டேன். கேப்டனுக்கு என்றாள்.

விடிந்ததும் புறப்பட்டபோது மேல்வீட்டுக் கதவு திறந்தது. ஆனர் சால்வையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"நானும் வர்றேன்."

"எதுக்குக்கா?" என்றாள் டாம்சின்.

"செத்தது எம்பொண்ணுன்னு டிகோரிக்குத் தெரிஞ்சாகணும். உம்பொண்ணுக்காக வரல."

"வாங்க" என்றாள் டாம்சின். நாலாவது பொதியைக் கேப்டன் பறிகொடுத்தது அப்படித்தான்.

வழியெல்லாம் மேற்குக் காற்று. பாவாடை காலோடு ஒட்டிக்கொண்டு நடக்க விடவில்லை. லவ்டேயை நானும் டாம்சினும் மாற்றி மாற்றித் தூக்கினோம். ஆனர் பத்தடி முன்னாலேயே நடந்தாள், திரும்பிப் பார்க்கவில்லை. கேப்டன் ஒவ்வொரு வேலிக்கும் காலைத் தூக்கிக்கொண்டு, இந்த நாடே தன்னுடையது என்பது போல வந்தது.

சந்தை ஓரத்தில் மஞ்சள் வண்டி நின்றது. டாம்சின் நேராகப் போய் ஹன்னபோர்டின் கையைப் பிடித்துக்கொண்டாள். எங்க நாயோட காதை ஏன்யா மாத்தினே என்று கேட்டாள். அவர் பயந்தே போனார். கதையை நான் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவர் தலையில் கையை வைத்துக்கொண்டு வண்டிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பிறகு ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை எடுத்து வந்து என் முன்னால் பிடித்தார். "வகிடு எந்தப் பக்கம்மா தெரியுது?" என்றார். தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் தெரிகிற பக்கம் வேறு, என் கை படுகிற பக்கம் வேறு. "இரும்புத் தகடும் இந்தக் கண்ணாடி மாதிரிதான். இடம் வலமா விழும். எல்லாரும் தன்னைக் கண்ணாடியிலதானே பார்த்துப் பழகியிருக்காங்க, அதனால ஒருத்தரும் கண்டுபிடிக்கிறதில்ல. பத்து வருஷத்துல ஒரு ஆளும் என்னைக் கேட்டதில்ல. கேட்டது உங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான்."

அவர் நல்ல மனிதர். பரிகாரமும் சொன்னார். கடைத்தெருவில் காகிதத்தில் படம் போடுகிற ஒருவர் இருக்கிறார், அதில் இடம் இடமாகவே விழும், செலவை நானே கொடுத்துவிடுகிறேன் என்றார். எனக்கு உயிர் வந்தது. போவோம் என்று கிளம்பினேன்.

டாம்சின் நகரவில்லை. "வேணாம்" என்றாள்.

"ஏன்டி?"

"வலது காது கிழிஞ்ச நாய் ஒண்ணை அனுப்பினோம். கண்டுபிடிச்சிட்டாரு. இப்ப இடது காது கிழிஞ்ச நாயை அனுப்பினா என்ன நெனைப்பாரு? பிடிபட்டதும் வேற நாயைத் தேடிக் காதை அறுத்துட்டாங்கன்னு நெனைப்பாரு. சரியான படம் இப்ப நமக்கு ஆகாது. அதே தகடுதான் வேணும். அதே மாதிரி தப்பாத்தான் விழணும்."

நான் விளக்கிக் கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "உன் எழுத்தை இனிமே அங்க யாருடி நம்புவா" என்றாள். வலித்தது. வலிக்க வேண்டியதுதான்.

ஹன்னபோர்டு யோசித்தார். மோதிரக் கையைத் தெரிகிற மாதிரி வைத்து எடுக்கலாமா, மோதிரம் மாறிய கையில் விழும், பார்த்தால் புரிந்துவிடும் என்றார்.

"மோதிரத்தைக் கழட்டி மாத்திப் போட்டுக்கலாம்யா" என்றாள் டாம்சின். சொல்லிக்கொண்டே தன் இடது கையைப் பார்த்தாள். வழக்கமாகச் சால்வைக்குள் மறைத்து வைத்திருப்பாள். "இதை மாத்த முடியாது" என்று சொல்லிக் கையை நீட்டினாள். மூன்று விரல், நடுவில் பழைய தழும்பு. "இந்தக் கையைப் பிடிச்சு மாதாகோயில்ல நின்னவரு அவரு. எம் மூஞ்சி அவருக்குத் தெரியும். இன்னொருத்திக்கு விரலை வெட்டி உட்கார வச்சேன்னு சொல்லமாட்டாரு. அவ கையும் மாறியிருக்கு, நாய்க் காதும் மாறியிருக்குன்னா மாறினது படம்தான்னு தெரியாதா? போர்வை எனக்கு வேணாம்யா. நான் வெளிய உட்காரணும்."

எழுத்துத் தெரிந்த எனக்குத் தோன்றாதது அவளுக்குத் தோன்றிவிட்டதே என்று கொஞ்சம் பொறாமை வந்தது. மறைக்க என்ன இருக்கிறது?

ஆனால் வானம் எங்கள் பக்கம் இல்லை. மேகம் கவிந்து, பகல் பன்னிரண்டு மணிக்கே சாயங்காலம் போல இருந்தது. இந்த வெளிச்சத்துக்கு எட்டு எண்ணினால் போதாது, இருபத்தைந்து எண்ண வேண்டும் என்றார் அவர். இருபத்தைந்து எண்ணுகிற வரைக்கும் கேப்டனா? கையிலிருக்கிற தகடும் மூன்றுதான்.

டாம்சின் நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் உயரமான முக்காலியில் லவ்டே. இருவர் மடியையும் சேர்த்துக் கேப்டன். டாம்சினின் இடது கை நாயின் கிழிந்த காதுக்குப் பக்கத்தில் விரிந்து இருந்தது. முதல் தகட்டில் லவ்டே தும்மினாள். இரண்டாவதில் அவள் முக்காலியிலிருந்து சரிந்தாள், அவள் சரிந்ததும் நாயும் எழுந்தது. ஹன்னபோர்டு வண்டி இருட்டுக்குள் தகட்டைக் கழுவிக் கொண்டுவந்து காட்டினார். டாம்சின் தெளிவாக இருந்தாள். பிள்ளையும் நாயும் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புகை மட்டும் இருந்தது.

"பிள்ளையைப் பின்னாலேருந்து யாராவது பிடிச்சாகணும்" என்றார் ஹன்னபோர்டு. "போர்வைக்குள்ள ஒருத்தர் போங்க. கடைசித் தகடு."

நான் எழுந்தேன். எனக்கு முன்னால் ஆனர் எழுந்துவிட்டாள். முக்காலியைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் தானே உட்கார்ந்தாள். கறுப்புப் போர்வையை எடுத்துத் தலைவழியாகப் போர்த்திக்கொண்டாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"பிள்ளையக் கொடு."

டாம்சின் மகளைத் தூக்கி அந்தப் போர்வையின் மடியில் வைத்தாள். ஒரு வருஷமாகத் தொடாத பிள்ளை. போர்வைக்குள்ளிருந்து இரண்டு கைகள் அவள் இடுப்பைச் சுற்றிக்கொண்டன. கேப்டன் உறுமியது. பிறகு போர்வையை முகர்ந்து பார்த்தது. மேல்வீட்டு வாடை தெரிந்திருக்க வேண்டும், உறுமலை நிறுத்தித் தலையை டாம்சினின் கைக்குக் கீழே வைத்துக்கொண்டது.

"பெரியம்மா, நெஞ்சு டக்குடக்குன்னு அடிக்குது" என்றாள் லவ்டே.

"பேசாதே. அசையாதே" என்றது போர்வை.

அவர் எண்ணத் தொடங்கினார். நானும் மனத்துக்குள் எண்ணினேன். பத்து வந்தது. சந்தையில் எங்கோ ஒரு பன்றி கத்தியது. கேப்டனின் கண் மட்டும் அந்தப் பக்கம் போனது, தலை போகவில்லை. பதினேழில் போர்வையின் தோள் ஒருமுறை குலுங்கியது போல எனக்குத் தெரிந்தது. பிள்ளையைப் பிடித்திருந்த கைகள் அசையவில்லை. டாம்சின் இமைக்காமல் படப்பெட்டியின் கண்ணாடி வட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது வழியாக அந்தக் கரையில் இருக்கிறவனை முறைத்துப் பார்க்கிறாள் என்றே நினைத்தேன். இருபத்தைந்து என்று சொல்லி அவர் மூடியை வைத்தார்.

நாங்கள் மூச்சு விட்டோம். கேப்டன் இறங்கிப்போய் முக்காலியின் காலில் ஒன்றுக்கு இருந்தது. ஆனர் உடனே வெளியே வரவில்லை. பிள்ளையும் இறங்கவில்லை. டாம்சின் அவர்களைக் கூப்பிடவில்லை, என்னையும் கூப்பிட விடவில்லை.

படம் விழுந்திருந்தது. நாயின் வாலைத் தவிர எல்லாம் தெளிவு. டாம்சின் வலது கையில் விரல் இல்லாதவளாக, வலது காது கிழிந்த நாயைப் பிடித்துக்கொண்டு, அழகாக இல்லாமல், விடாப்பிடியாக உட்கார்ந்திருந்தாள். கடிதத்தில் என்ன எழுதட்டும் என்று கேட்டேன். ஒரே ஒரு வரி போதும் என்றாள். 'என் கையைப் பார்.' அதையும் எழுதும் முன் இரண்டு முறை சொல்லிக் காட்டச் சொன்னாள்.

திரும்பி வரும்போது மழை பிடித்துக்கொண்டது. லவ்டேயை ஆனர் தன் சால்வைக்குள் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். மாற்றிக்கொள்ளக் கேட்டேன், தரவில்லை.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கல் உடைத்தோம். பிப்ரவரியில் பனி பெய்து களம் ஒரு வாரம் மூடிக் கிடந்தது. ஈஸ்டர் வந்தது. இந்நேரம் அவன் வடக்கே போயிருப்பான் என்று நான் நினைத்தேன். டாம்சின் மூன்று விரலால் கல்லைப் பிடித்து, வலது கையால் ஓங்கி ஓங்கி அடித்தாள். தபால்காரர் வருகிற வழியை அவள் ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை. எங்களுக்காகக் கேப்டன் போய் அவரைப் பார்த்துக் குரைத்துவிட்டு வரும்.

ஏப்ரல் கடைசியில் கடிதம் வந்தது. கீழ்வீட்டில் உட்கார்ந்தோம். ஆனரும் வந்து கதவோரம் நின்றாள். கடிதத்தைப் பிரித்ததும் எழுத்தைப் பார்த்தேன், தம்பி எழுத்து இல்லை. பெரிது பெரிதாக, ஒன்றுக்கொன்று முட்டிக்கொண்டு, எழுதப் பழகாத கை எழுதியது. டிகோரி தானே எழுதியிருந்தான். அவன் எழுதக் கற்றுக்கொண்டது எங்களுக்குத் தெரியாது. வாசிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. எழுத்தும் புரியவில்லை, கண்ணும் தெரியவில்லை.

"டாம்சின். பார்த்தேன். நான் முட்டாள். நீ இளைச்சுப் போயிருக்கே. வடக்கே போகல. வீடு பார்த்திருக்கேன். நீயும் பிள்ளையும் புறப்பட்டு வாங்க. கப்பல்காரன் நாய்க்கு முடியாதுன்னா நீ போய்ப் பேசு, நீ பேசினா முடியும்."

டாம்சின் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அழுதாள். விரல் போன அன்றைக்கும் அவள் அழுது நான் பார்க்கவில்லை. லவ்டே பயந்துபோய்க் கேப்டனைக் கட்டிக்கொண்டாள்.

ஆனர் கதவைத் திறந்தாள், போவதற்கு. அவர்கள் போய்விட்டால் இரண்டு வீட்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது அவள் மட்டும்தான். எங்களுக்கு அது அப்போதுதான் உறைத்தது.

"இருங்கக்கா, இன்னும் முடியல" என்றேன். கடிதத்தின் அடியில், கோணலாக, இடம் போதாமல் ஓரத்தில் ஏறிப்போன வரிகள் இருந்தன. அவை அவளுக்கு. எழுத்துக் கூட்டிக் கூட்டி வாசித்தேன்.

"அண்ணிகிட்ட சொல்லு. ஒரு வருஷம் எம்பொண்ணுன்னு நெனச்சு அழுதேன். குழியில உட்கார்ந்து அழுதேன், ஏணியில ஏறும்போது அழுதேன். இங்க எல்லாரும் என்கூட ரெண்டு ஞாயிறு உபவாசம் இருந்து ஜெபம் பண்ணாங்க. அத்தனையும் அவங்க பொண்ணுக்குத்தான் போய்ச் சேர்ந்திருக்கு. திருப்பிக் கேட்கமாட்டேன்."

ஆனர் கதவை விட்டுவிட்டு உள்ளே வந்தாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னாள்.